முதலில் நினைவு, பிறகு படம்: ஊரடங்கில் ஒரு பழைய பயணத்தை மீட்டெடுக்க முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் உலகின் பெரும்பகுதி வீட்டுக்குள் அடங்கிவிட்டது. பயணப் பித்து உள்ளவர்களுக்கு அது இரட்டை அடைப்பாக இருந்தது. போக வேண்டிய பயணங்கள் ரத்தாகிவிட்டன. போய்வந்த பயணங்களோ ஃபோனுக்குள்ளும் பீரோவின் மேல்தட்டிலும் திறக்கப்படாமல் கிடந்தன.

முதல் இரண்டு வாரங்களில் நானும் நாலைந்து புதுப் பொழுதுபோக்குகளைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் நிலைத்தது இதுதான்: ஏற்கெனவே போய்வந்த பயணம் ஒன்றை எடுத்துக்கொண்டு, தினமும் ஒரு மணி நேரம் அதில் வேலை செய்வது. எழுதுவது, வரைவது, வரைபடம் தயாரிப்பது, படங்களைப் பிரிப்பது, பழைய நண்பர்களோடு பேசுவது என்று நான் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருந்த எல்லாமே அந்த ஒரு வேலைக்குள் வந்து சேர்ந்தன. ஆறு நாள் பயணம் ஒன்றை முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. செய்த வரிசையிலேயே சொல்கிறேன். வரிசை முக்கியம்.

படி 1: ஒரே ஒரு பயணம்

"எல்லாப் படங்களையும் ஒழுங்கு பண்ணிவிடலாம்" என்று உட்காராதீர்கள். பத்து வருடப் படங்களை ஒன்றாகத் திறந்தால் இரண்டாம் நாளே மலைப்பு வந்துவிடும். ஒரு பயணம் போதும். மூன்று முதல் ஏழு நாள் வரை நீடித்ததாக இருக்கட்டும். கூட ஒருவராவது வந்திருந்தால் நல்லது. நடந்து இரண்டு மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும். போன வருடப் பயணம் இன்னும் சூடாக இருக்கும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

பெரிய பயணம்தான் வேண்டும் என்பதில்லை. சிறுவயதில் பள்ளியிலிருந்து கூட்டிப்போன ஒரு நாள் சுற்றுலாகூடப் போதும். படமே இல்லாத பயணம் என்றால் இன்னும் நல்லது என்றுகூடச் சொல்வேன். ஏன் என்பது அடுத்த படியில் புரியும்.

படி 2: படத்தைத் திறக்காமல் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரே ஒரு படியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் முதலில் ஆல்பத்தைத் திறக்கிறார்கள். திறந்த நொடியிலிருந்து அந்தப் பயணம் படங்களின் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. படம் எடுத்த இடம் மட்டும் நடந்ததாகவும், எடுக்காதது நடக்காததாகவும் தோன்றத் தொடங்கும். லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பக்கத்தில் வருகிறது. அருங்காட்சியகத்தைச் சுற்றிவந்தவர்களுக்கு, வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படம் எடுத்த பொருள்கள் குறைவாகவே நினைவில் நின்றன. பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் பாரத்தை இறக்கி வைத்துவிடுகிறது. அப்படி இறக்கி வைத்ததில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முதலில் தோண்டிப் பார்ப்போம்.

கோடு போடாத நோட்டு ஒன்றும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, மேலே "முதல் நாள்", "இரண்டாம் நாள்" என்று எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் பரவாயில்லை. பிறகு இந்த வரிசையில் போங்கள்.

முதலில் இடங்கள். எங்கே தூங்கினோம்? ஒவ்வொரு இரவும் எங்கே கழிந்தது என்று தெரிந்துவிட்டால் பகல்கள் தாமாக வந்து சேரும். இது நான் தற்செயலாகக் கண்டுபிடித்த வழி. "மூன்றாம் நாள் என்ன பார்த்தோம்?" என்று கேட்டபோது வராத பதில், "மூன்றாம் நாள் ராத்திரி எந்த அறை?" என்று கேட்டதும் வந்தது. ஜன்னல் சாத்தவே முடியாத அறை அது. கொக்கி உடைந்திருந்தது. யாரோ ஒருவரின் செருப்பை அடை கொடுத்து நிறுத்தினோம். செருப்பு ஈரமாக இருந்தது. ஆக, அன்று சாயங்காலம் மழை. மழை என்றதும் கோட்டைக்குப் போகாமல் பாதி வழியில் திரும்பியது, ஒரு தகரக் கூரைக்கு அடியில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு ஒரு மணி நேரம் நின்றது, அந்த வீட்டுச் சின்னப் பெண் தகரத்தில் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தது எல்லாம் வந்தன. இதில் ஒன்றுக்கும் என்னிடம் படம் இல்லை.

அடுத்து உடம்பு. கால் எங்கே வலித்தது, எங்கே குளிரில் நடுங்கினோம், எந்தப் பையின் வார் தோளை அறுத்தது. பிறகு ஒலி, பிறகு மணம். மணத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். மற்ற புலன்களின் செய்தி மூளையில் தாலமஸ் என்ற பகுதி வழியாகப் போகிறது. மணமோ அப்படிச் சுற்றிவராமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் பகுதிகளுக்கு நேராகவே தொடர்புகொண்டிருக்கிறது. அந்தப் பயணத்தில் கொண்டுபோன சோப்போ தைலமோ வீட்டில் இருந்தால் மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். நினைவு என்பது பதிவு செய்த ஒலிநாடா போன்றதல்ல. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டப்படுவது. அழகுக்காக இன்று சேர்க்கும் ஒரு வரி, அடுத்த வருடம் உண்மையாகவே நடந்ததாக உட்கார்ந்துகொள்ளும். உறுதியானதைப் பேனாவில், "அப்படித்தான் என்று நினைக்கிறேன்" என்பதைப் பென்சிலில் என்று பிரித்து எழுதியது எனக்கு உதவியது.

கடைசியாக, கையால் ஒரு வரைபடம். எந்த மேப்பையும் பார்க்காதீர்கள். தங்கிய இடத்தை நடுவில் போட்டு, வலது பக்கம் என்ன, இறக்கம் எங்கே, ஆறு எந்தப் பக்கம் என்று வரையுங்கள். தூரமும் திசையும் கோணலாகத்தான் வரும். வரட்டும்.

இந்தப் படிக்கு நாலைந்து நாள் ஆகும். அவசரப்படாதீர்கள். ஒரு நாள் எழுதிவிட்டுத் தூங்கினால் மறுநாள் காலையில் இன்னும் இரண்டு காட்சிகள் வந்து நிற்கும்.

படி 3: கூட வந்தவர்களுக்கு ஃபோன் போடுங்கள்

ஊரடங்கு நாள்களில் யாருக்குப் பேசினாலும் பேச்சு நோய்க்கணக்கில்தான் தொடங்கி அதிலேயே முடிந்தது. வயதானவர்களிடம் பேசும்போது அது இன்னும் கனத்தது. பழைய பயணம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். குரலே மாறும்.

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். எல்லோரையும் ஒரே அழைப்பில் சேர்த்தால் சத்தமாகப் பேசுகிறவரின் நினைவே எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடும். உங்கள் கதையை முதலில் சொல்லிவிடாதீர்கள். "அன்னிக்கு மழையில மாட்டினோமே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் "ஆமாம்" என்ற பதில்தான் வரும். "அந்தக் கோட்டைக்குக் கிளம்பின அன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். எது பிடிக்கவில்லை என்றும் கேளுங்கள். பிடித்ததைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். பிடிக்காததில்தான் ஆளுக்கு ஆள் வேறு பயணம் தெரிகிறது. என் அத்தை அந்த ஆறு நாளும் செருப்புக் கடித்த காயத்தோடு, யாரிடமும் சொல்லாமல் நடந்தார் என்பது அத்தனை வருடம் கழித்து அந்த ஊரடங்கில்தான் எனக்குத் தெரிந்தது.

பேச்சைப் பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அந்தக் குரல் பின்னால் எந்தப் படத்தைவிடவும் மதிப்பாக இருக்கும்.

கூட வந்தவர் இப்போது உயிரோடு இல்லை என்றால் இந்தப் படி கடினம். அந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாமா வேண்டாமா என்பதை உங்கள் மனதிடம் மட்டும் கேளுங்கள். எடுத்துக்கொண்டால், மாலை நேரத்தில் தனியாக உட்கார்ந்து செய்யாதீர்கள். பகலில், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது செய்யுங்கள். நிறுத்தத் தோன்றும் இடத்தில் நிறுத்திவிடலாம். நோட்டு எங்கும் போய்விடாது.

படி 4: காகிதங்களை முதலில் காப்பாற்றுங்கள்

இப்போது பெட்டியைத் திறக்கலாம். பயணச்சீட்டு, நுழைவுச்சீட்டு, போர்டிங் பாஸ், அறை ரசீது, பர்ஸில் மடித்து வைத்த மேப் எல்லாவற்றையும் மேஜையில் பரப்புங்கள். படங்களுக்கு முன்னால் இவற்றைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வழவழப்பாக, மையே இல்லாமல் அச்சான சீட்டுகள் வெப்பத்தால் எழுத்து உண்டாகும் தெர்மல் காகிதம். வெளிச்சம், சூடு, பசை, சில வகை பிளாஸ்டிக் உறை, இதில் எது பட்டாலும் எழுத்து மங்கும். சில வருடங்களில் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். அதனால் இன்றே ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், நேர்மேலிருந்து ஃபோனில் எடுங்கள். மங்கிய சீட்டையும் தூக்கிப் போடாமல் படம் எடுத்து, கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பாருங்கள். பாதி எழுத்தாவது எழும்பி வரலாம்.

பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். ஒரு பேருந்துச் சீட்டை நான் அப்படிக் கொடுத்தேன். சூடான உருளைக்குள் போன சீட்டு அடுத்த நொடியில் முழுக்கக் கறுத்து வெளியே வந்தது. இன்றும் நினைத்தால் வலிக்கிறது.

சீட்டுகளை நேர வரிசையில் அடுக்கிவிட்டால் அதுவே பயணத்தின் முதுகெலும்பு. நோட்டில் போட்ட கேள்விக்குறிகளில் பாதிக்குப் பதில் இங்கே கிடைக்கும். எந்த இடத்தில் நினைவு தவறியிருந்தது என்று பாருங்கள், ஆனால் எழுதியதை அழிக்காதீர்கள். பக்கத்தில் வேறு நிற மையில் திருத்தம் போடுங்கள். கோட்டைக்குக் கிளம்பிப் பாதியில் திரும்பியது மூன்றாம் நாள் என்று நான் உறுதியாக எழுதியிருந்தேன். சீட்டு நான்காம் நாள் என்றது. அந்தத் தவறும் அந்தப் பயணத்தின் ஒரு பகுதிதான்.

அச்சுப் படங்கள் பசைத் தாள் ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் நகத்தால் பெயர்க்காதீர்கள். முதலில் ஒட்டிய நிலையிலேயே ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே நுழைத்து, மெதுவாக ரம்பம் போல் இழுங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

ஸ்கேன் அளவு பற்றிப் பலருக்குக் குழப்பம். 4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் 2400க்கு 3600 பிக்சல் கிடைக்கும், அதாவது சுமார் 8.6 மெகாபிக்சல். பெரிதாக்கி அச்சிட இது தாராளம். அதே அளவில் திரும்ப அச்சிட மட்டும் என்றால் 300 போதும். 35 மில்லிமீட்டர் நெகடிவ் கைவசம் இருந்தால் அது சிறியது, 24க்கு 36 மில்லிமீட்டர்தான். அதற்கு 2400 டிபிஐயாவது வேண்டும்.

படி 5: இப்போது படங்கள்

என் ஆறு நாள் பயணத்தில் 1,140 படங்கள் இருந்தன. கடைசியில் வைத்துக்கொண்டது 96.

பிரிப்பதற்கு முன் கடிகாரத்தைச் சரிபாருங்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்ற தகவல் பொதிந்திருக்கும்: எடுத்த தேதி, நேரம், கேமரா, சில சமயம் இடமும். ஃபோன் பொதுவாகப் போன ஊரின் நேரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும். தனிக் கேமரா மாறாது. நேர மண்டலம் தாண்டிப் போயிருந்தால் ஃபோன் படமும் கேமரா படமும் சில மணி நேரம் தள்ளி நிற்கும், சூரிய உதயம் நள்ளிரவில் உட்கார்ந்திருக்கும். ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்த ஜோடி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். வித்தியாசத்தைக் கணக்கிட்டு, கேமராப் படங்கள் அனைத்தின் நேரத்தையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு. மாற்றும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களை நம்பி வரிசை போடாதீர்கள். அனுப்பும்போது அளவு குறைந்துவிடும், எக்ஸிஃப் தகவலும் போய்விடும். கோப்பின் பெயரில் இருக்கும் தேதி எடுத்த நாள் அல்ல, வந்து சேர்ந்த நாள். நண்பரிடம் மூலப்படம் இன்னும் இருந்தால் "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

கழிப்பதற்கு மூன்று சுற்று. முதல் சுற்றில் மங்கலானவை, கை ஆடியவை, ஒன்று போலவே இருப்பவை. வேகமாகப் போங்கள். இரண்டாம் சுற்றில், உலகத்தில் எல்லோரும் எடுக்கும் படங்கள். புகழ்பெற்ற கோபுரத்தை நீங்கள் எடுத்ததைவிட நன்றாக ஆயிரம் பேர் எடுத்திருப்பார்கள். ஒன்று போதும். அந்தக் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் உங்கள் நண்பனின் களைத்த முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் சுற்றில்தான் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் எழுதியதோடு பேசுகிற படம் எது? என் நோட்டில் இருந்த உடைந்த கொக்கி ஜன்னல், வேறு யாரையோ எடுத்த ஒரு படத்தின் ஓரத்தில், மங்கலாகத் தெரிந்தது. முதல் சுற்றிலேயே போயிருக்க வேண்டிய படம் அது. அதனால்தான் முதல் சுற்றில் எதையும் அழிக்காமல் தனி ஃபோல்டருக்கு நகர்த்தச் சொல்கிறேன்.

வைத்துக்கொண்ட ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறிப்பு. யார், எங்கே என்று முழுப் பெயரோடு எழுதுங்கள். "நாங்கள், அருவி" என்று இன்று எழுதினால் இருபது வருடம் கழித்து அந்த "நாங்கள்" யார் என்று சொல்ல ஆள் இருக்காது. பிறகு படத்தில் தெரியாத ஒன்றைச் சேருங்கள்: எடுத்தது யார், அதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது. படம் எடுத்தவர் எந்தப் படத்திலும் இருப்பதில்லை. குறிப்பில்தான் அவருக்கு இடம்.

படி 6: இங்கிருந்து உங்கள் பொழுதுபோக்கு

இதற்கு மேல் எல்லோரும் ஒரே வழியில் போக வேண்டியதில்லை. எனக்குப் பிடித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

வரைவது. வரையத் தெரியாது என்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு பொருளை, ஒரு கதவையோ ஒரு பையையோ, இருபது நிமிடம் பார்த்து வரையுங்கள். அழகாக வர வேண்டாம். இருபது நிமிடம் ஒரு கதவைப் பார்த்தால், அங்கே நேரில் நின்றபோது பார்க்காத தாழ்ப்பாளும் கீறலும் தெரியும்.

தெருவில் மறுபடி நடப்பது. தெருக்களை அங்கே நின்று பார்ப்பது போலப் படங்களாகக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ 2007இல் தொடங்கியது. 2014 முதல் கணினியில் அதே தெருவின் பழைய ஆண்டுப் படங்களையும் பார்க்க முடிகிறது. நீங்கள் போன வருடத்துக்கு அருகில் எடுத்த படம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, தங்கிய இடத்திலிருந்து நடந்து பாருங்கள். கையால் வரைந்த வரைபடம் இப்போது பக்கத்தில் இருக்கட்டும். எங்கே கோணல், எங்கே சரி என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒரு முழு மாலை போனது எனக்கு. எல்லா ஊர்களிலும் இந்த வசதி இல்லை. அங்கே செயற்கைக்கோள் படம் கைகொடுக்கும்.

பறவை, பூச்சி, செடி. பயணத்தில் பெயர் தெரியாமல் எடுத்த உயிர்களின் படங்கள் எல்லோரிடமும் இருக்கும். அவற்றைத் தேதி, இடத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் உலகின் எந்த மூலையிலிருந்தோ யாராவது பெயர் சொல்வார்கள். பறவை பார்ப்பவர்கள் பழைய நாள்குறிப்பில் உள்ள பட்டியல்களை இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றலாம்; பழைய தேதிகளையும் அது ஏற்கும். உங்களுக்குப் பொழுதுபோக்காக இருப்பது யாரோ ஒரு ஆய்வாளருக்குத் தரவாகப் போகிறது.

கட்டடங்கள், சிற்பங்களின் நல்ல படங்கள் இருந்தால் விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியத்துக்குக் கொடுக்கலாம். ஒரு முறை கொடுத்தால் யார் வேண்டுமானாலும், வணிகத்துக்கும்கூட, உங்கள் பெயர் சொல்லிப் பயன்படுத்தலாம். திரும்பப் பெற முடியாது. அதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். மற்றவர்களின் முகம் தெரியும் குடும்பப் படங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், உங்கள் கைவரைபடத்தைப் பெரிதாக வரைந்து அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி மரப்பலகையில் ஒட்டி அறுத்து விற்ற முதல் ஜிக்சா புதிர்களும் வரைபடங்கள்தான்.

படி 7: அடுத்த பயணத்தின் முதல் பக்கம்

நோட்டின் கடைசியில் நாலு பக்கம் விட்டுவைக்கச் சொல்ல மறந்துவிட்டேன், இப்போது ஒதுக்குங்கள். அடுத்த பயணத்துக்கு. எப்போது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், விடுமுறைக்குப் போகப் போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது பயணத்துக்கு முன்னால்தான். திரும்பி வந்தபின், மிக நிம்மதியான விடுமுறை அமைந்தவர்களைத் தவிர, மற்றவர்களிடம் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. எதிர்பார்ப்புக்கு விமானமும் தேவையில்லை, அனுமதியும் தேவையில்லை.

அந்தப் பக்கங்களில் இடங்களின் பட்டியல் எழுதுவதைவிட, இந்தப் பயணத்தில் விட்டுப்போனதை எழுதுங்கள். மழையால் திரும்பிய கோட்டை. பெயர் கேட்காமல் விட்ட அந்தச் சின்னப் பெண். செருப்பு வாங்கிக்கொண்டு கூட்டிப்போக வேண்டிய அத்தை.

படி 8: மூன்று நகல்

முடித்ததும் நோட்டின் பக்கங்களையும் ஸ்கேன் செய்து, படங்களோடு ஒரே ஃபோல்டரில் போடுங்கள். ஃபோல்டர் பெயர் வருடம், மாதம், இடம் என்ற வரிசையில் இருந்தால் தானாகவே கால வரிசையில் நிற்கும். மொத்தம் மூன்று நகல், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் அல்லது உறவினர் வீட்டில் ஒன்று. ஃபோன் மட்டும் நகலாகாது. தொலைந்துபோகும் பொருள் அது.

அச்சிட்ட 96 படங்களையும் நோட்டையும் நான் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே பயணத்தில் இருந்த ஐந்து பேரின் பெயர்களையும் எழுதியிருக்கிறேன். ஊரடங்கு தளர்ந்ததும் பெட்டி முதலில் அத்தை வீட்டுக்குப் போக வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். அவர் நோட்டில் எழுதுவதற்காக, ஒவ்வொரு நாளின் இரண்டாம் பக்கத்திலும் பாதி இடத்தைக் காலியாக விட்டுவைத்தேன்.